முதல் ரீலுக்கும் இரண்டாம் ரீலுக்கும் நடுவில்

எங்கள் அரசாங்கப் பிரசாரத் துறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். ‘ஆவணப்படங்கள் மக்களைச் சென்றடைந்த விதம்’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்து, ஊர் ஊராகப் படம் ஓட்டிய பழைய ஆபரேட்டர் என்ற முறையில் நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். சென்றடைந்த விதமாவது! ஜீப்பில் போய்ச் சேர்ந்தது. ஜீப் போகாத ஊருக்கு மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தது. மழை பெய்தால் போய்ச் சேரவில்லை. இதற்கு எதற்கு நாலு பக்கம், முடியாதப்பா, ஆளை விடுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். போன மாதம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்து போனாள். அவள் போனபிறகு எழுத வேண்டியதாகிவிட்டது. அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். மெட்ராஸில் சில வாரங்கள் பயிற்சி. அறுந்த படத்தை ஒட்டுவது, விளக்கு மாற்றுவது, ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்புவது, மைக்கில் இருமாமல் பேசுவது. முதல் மூன்றும் வந்துவிட்டன. இருமாமல் பேசுவது ஓய்வு பெறும் நாள்வரை வரவில்லை. பொண்ணு பார்க்கப் போன வீட்டில் “மாப்ள சினிமாவுல இருக்காராமே” என்று கேட்டார்கள். ஆமாம் என்று என் மாமா சொல்லிவிட்டார். என் மனைவி அந்தக் கோபத்தை இன்னும் விட்டபாடில்லை.

பெரம்பலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகைக் கட்டிடத்தில் எங்கள் ஆபீஸ். பெரம்பலூர், அரியலூர் இரண்டு தாலுகாவும் எங்களுக்கு. ஓர் அதிகாரி, நான், டிரைவர் மஸ்தான் பாய், ஒரு ஜீப். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதால், மெட்ராஸிலிருந்து படப்பெட்டி அரியலூர் ஸ்டேஷனில்தான் வந்து இறங்கும். அதைப் போய் எடுத்துவந்து, படத்தைத் துடைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய், பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் துணி கட்டிக் காட்டவேண்டும். நாங்கள் காட்டி முடித்ததும் அதே பெட்டி அடுத்த ஜில்லாவுக்குப் போய்விடும். எங்கள் கைக்கு வரும்போதே படத்தில் கீறல் விழுந்து மழை பெய்துகொண்டிருக்கும். கோடைக் காட்சியில் மழை பெய்வதைப் பார்த்து ஒரு பெரியவர், “எந்த ஊரு சார் இது? பாக்கியம் பண்ண ஊரு” என்றார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். இதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப்போகும் எல்லாமே இதில்தான் நிற்கிறது. ஒரு ரீல் முடிந்ததும் அதைக் கழற்றி, அடுத்ததை மாட்டி, பல்சக்கரத்தில் கோத்து ஓட்ட, ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிக்கும் நேரமாகும். அந்த இடைவெளியில் கை கோத்துக்கொண்டிருக்க வாய் மைக்கில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு நின்றால் சனம் எழுந்து போய்விடும். நான் பேசுகிற வாசகம் மேலிருந்து வந்தது. அதை நம் ஊர்ப் பேச்சாக மாற்றிக்கொண்டது மட்டும் நான்.

“பெரியோர்களே, தாய்மார்களே! இது சினிமா இல்லீங்க. வேஷம் கட்டி ஆடுனது இல்லீங்க. நம்மள மாதிரி சனங்க வாழ்க்கையில நடந்த நெசம். கடைசிமட்டும் இருந்து பாத்துட்டுப் போங்க.”

அதிகாரி ஞானசேகரன் சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, சத்தமில்லாத பேச்சு. கோபம் வந்தால் இன்னும் சத்தம் குறையும். அவர் உதடு அசைவதை நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். படம் ஓடும்போது அவர் ஒருநாளும் முன்னால் நின்றதில்லை. கூட்டத்துக்குப் பின்னால், கையில் டார்ச் லைட்டோடு நிற்பார். டார்ச் ஒரு தடவை மின்னினால் சத்தத்தைக் கூட்டு. இரண்டு தடவை மின்னினால் படம் மங்கல், சரிசெய். நீளமாக அடித்தால் நிறுத்து. எனக்கும் அவருக்கும் நடுவே ஊரே உட்கார்ந்திருக்கும். நாங்கள் டார்ச்சில்தான் பேசிக்கொள்வோம்.

“திரையப் பாக்காதீங்க ஆபரேட்டர்” என்பார். “படத்த எடுத்தவன் அத ஆயிரம் தடவ பாத்துட்டான். நீங்க சனத்தப் பாருங்க. எந்த எடத்துல புள்ளைக்குப் பால் குடுக்கத் திரும்புறாங்க, எந்த எடத்துல பீடி பத்த வைக்கிறாங்கன்னு பாருங்க. அங்கதான் படம் செத்துப்போச்சு.”

ஒருமுறை பாடாலூர்ப் பக்கம் கூலிக்காரர்கள் தெருவில் டிராக்டரைப் பற்றிய படம் போட்டோம். தெருவில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “டிராக்டர் ரொம்ப ஜோரா இருக்குங்க. நெலம் எந்த ரீல்ல வரும்?” என்று கேட்டார். தெருவே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. வண்டியில் திரும்பும்போது, “படம் நல்ல படம்தான். நாம கொண்டுவந்த தெரு தப்பு” என்றார். அப்புறம் எந்தப் படத்தை எங்கே போடுவது என்பதில் அவர் ஒரு பிடிவாதக்காரர் ஆகிவிட்டார். மேலே என்ன உத்தரவு வந்தாலும் கிணற்றுப் படம் கிணறு உள்ள ஊருக்குத்தான் போகும்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். கோடை வந்தால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் குழந்தைகள் வயிற்றால் போய்ச் செத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். காய்ச்சி ஆறின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைக்கும் என்று சொல்ல ஒரு படம் எடுக்க முடிவானது. மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்து ஆலத்தியூரில் தங்கி எடுத்தது. அப்போது அங்கே இன்றைக்கு இருக்கும் ஆலை எல்லாம் இல்லை. வெயிலும் சோளக்கொல்லையும்தான்.

படத்தில் இரண்டு தாய்மார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுக்காமல் குழந்தையைப் பறிகொடுப்பாள். அது முதல் ரீல். இன்னொருத்தி டாக்டரம்மா சொன்னபடி கலக்கிக் கொடுத்துப் பிழைக்க வைப்பாள். அது இரண்டாம் ரீல். முதலில் பயம், அப்புறம் மருந்து. அந்த நாளில் இப்படிப்பட்ட படங்களில் பாதி இந்த அமைப்பில்தான் இருக்கும். செத்த குழந்தையின் தாயாக நடிக்க ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை. வாயால் சொன்னாலே தோஷம் என்று ஓடினார்கள். ராசாம்பாள் என்ற பெண்தான் வந்தாள். கையில் எட்டு மாதக் குழந்தை, வளர்மதி. “நடிக்கிறதுதானே, இதுல என்ன வந்துச்சு” என்றாளாம்.

ஆலத்தியூரில் அந்தப் படத்தை முதலில் போட்ட சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையில் ராசாம்பாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள், கீழே ஊர் மொத்தமும் கைதட்டுகிறது! “அடியே ராசாம்பா, என்னாமா அழுவுற!” என்று ஒருத்தி கத்த, ராசாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மடியில் வளர்மதி ஒரு முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தது. சார் மட்டும் பின்னாலிருந்து முணுமுணுத்தார். “இந்த ஊருக்கு இந்தப் படம் ஆகாது. எல்லாரும் ராசாம்பாளத்தான் பாக்குறாங்க, சேதியப் பாக்கல.”

அந்தப் படம் மூன்று உருவில் வெளியே போனது. அதிகாரிகளுக்கும் டாக்டர்களுக்கும் ஒன்று. இங்கிலீஷ் குரல், வரைபடம், கடைசியில் டீ. ஊர்களுக்கு எங்கள் இரண்டு ரீல் பிரதி. மூன்றாவது சினிமாக் கொட்டகைகளுக்கு. பெரிய படத்துக்கு முன்னால் அரசாங்கப் படம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்த காலம் அது. கொட்டகைக்காரர்களுக்கு அது வேப்பங்காய். அதனால் எவ்வளவு சின்னதாக வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டி அனுப்புவார்கள். மெட்ராஸில் உட்கார்ந்து இதையும் வெட்டினார்கள். இரண்டாவது தாய் முழுசாகப் போய்விட்டாள். மிஞ்சியது ராசாம்பாளின் முகம், துணி போர்த்திய குழந்தை, ‘இந்தத் தாயின் அறியாமை ஓர் உயிரைக் குடித்தது’ என்று கணீரென்ற ஒரு குரல், மருத்துவமனைக்கு வாருங்கள் என்று ஒரு வரி. பயம் மட்டும் போனது, மருந்து போகவில்லை. சார் அந்தப் பிரதியை ஒருநாள் பாடாலூர் டெண்டுக் கொட்டாயில் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அதற்குள் ராசாம்பாளின் குடும்பம் பிழைப்புக்காக அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்துக்குக் குடி போய்விட்டது. புருஷன் கலியமூர்த்தி பாறை உடைத்தான். ராசாம்பாளுக்குக் காலில் கல் விழுந்ததால் சுமை தூக்க முடியவில்லை. கல் சுமக்கும் பெண்களின் கைக்குழந்தைகளை ஒரு கொட்டகையில் தூளி கட்டிப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அந்தப் பெண்கள் கூலி வாங்கியதும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். அதில்தான் வீட்டில் பாதி அடுப்பெரிந்தது. கல் வெட்ட வந்தவர்கள் எல்லாம் பல ஊர்க்காரர்கள். ஆலத்தியூர்க்காரர் ஒருத்தரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூட்டமாகச் சினிமாக் கொட்டகைக்குப் போனார்கள். பெரிய படத்துக்கு முன்னால் அந்த வெட்டின பிரதி ஓடியது. திங்கட்கிழமை ஒரு குழந்தையும் ராசாம்பாளிடம் வரவில்லை.

அவள் வளர்மதியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். வளர்மதிக்கு அப்போது மூன்று வயது இருக்கும். நான் எழுந்து நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

“மைக்குல பேசுறவரு நீங்கதானே?” என்றாள் என்னிடம். “இது நெசம், நெசம்னு ஊரு ஊரா சொல்லிட்டுத் திரியிறீங்களே, எது நெசம்? இதா பாருங்க எம் புள்ள. கிள்ளிப் பாருங்க, அழுவும்.”

“என்னம்மா ஆச்சு?” என்று சார் வெளியே வந்தார்.

“என்ன ஆவணும்? மொதப் புள்ளையத் தின்னுட்டு ரெண்டாவத இடுப்புல வச்சிருக்கான்னு சொல்றாங்க. இவளத்தான் ரெண்டாவதுங்கிறாங்க! நடிச்சதுன்னு சொன்னா, அரசாங்கத்துப் படத்துல எப்புடிடி பொய் வரும்னு என்னையே கேக்குறாங்க. பக்கத்து வூட்டுல புள்ள பொறந்திருக்கு, பாக்கப் போனேன். சீலைய இழுத்துப் போத்தி மறைச்சிட்டாய்யா அந்தப் பொண்ணு. எனக்கு என்னவோ மாதிரி ஆயிருச்சு. தூளியெல்லாம் அவுத்துட்டுப் போயிட்டாங்க. நான் இனிமே எதக் கொண்டு பொழைக்கிறது?”

சார் குழந்தையைப் பார்த்தார். “என்ன செய்யணும்ங்கிறீங்க?” என்றார்.

“எம் புள்ள உசுரோட இருக்குன்னு மைக்குல சொல்லச் சொல்லுங்க. அம்புட்டுதான்.”

“அப்படிச் சொன்னா அந்தப் படமே பொய்யின்னு ஆயிடும்மா. உப்புத் தண்ணியும் பொய்யின்னு சொல்லிடுவாங்க. போன கோடையில எந்த ஊர்ல எத்தன புள்ள போச்சின்னு ஆஸ்பத்திரிக்காரங்க எனக்குச் சொல்றாங்க. படத்தப் பாத்துட்டுக் கலக்கிக் குடுத்துப் பொழைக்க வச்சவங்களும் இருக்காங்க. நெசம்னு நம்புனதாலதான் குடுத்தாங்க.”

“ஊரு புள்ளையெல்லாம் பொழைக்க எம் புள்ள செத்தே கெடக்கணுமா?”

சார் பதில் சொன்னார். உதடு அசைந்தது, எங்களுக்குக் கேட்கவில்லை. ராசாம்பாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போனாள். மஸ்தான் பாய் பின்னாலேயே போய்க் குழந்தைக்கு ஒரு பன் வாங்கிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்தவர், “யா அல்லா, அந்தம்மா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல சார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். கொள்ளிடக் கரை முழுக்கச் சனம். எத்தனையோ ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்பதால் அந்த ஒரு சாயங்காலத்தை நாங்கள் விடுவதே இல்லை. இதையே ராசாம்பாளும் யோசித்திருக்கிறாள். எந்த ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? எல்லா ஊரும் வருகிற இடத்துக்குப் போவோம் என்று குழந்தையோடு கிளம்பி வந்துவிட்டாள். அவள் கூட்டத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்ததும் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஆற்று மணலில் திரை கட்டினோம். முதலில் பாட்டு ரீல் போட்டேன். கூட்டம் சேர்ந்ததும் வழக்கம்போல இருமிவிட்டு, இது சினிமா இல்லீங்க என்று சொல்லி முதல் ரீலை ஓட்டினேன். திரையில் ராசாம்பாள் அழத் தொடங்கினாள். குழந்தையின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியாயிற்று. ‘இந்தத் தாயின் அறியாமை’ என்று அந்தக் குரல் ஆரம்பித்தது. முன்வரிசைப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அப்போது திரையில் பெரிய நிழல் ஒன்று விழுந்தது.

“ஏய், யாரு அது? உக்காரு! மறைக்குது!” என்று கத்தினார்கள்.

வெளிச்சத்துக்கு நடுவே ராசாம்பாள் நின்றாள். திரையில் அழுகிற அவள் முகம், கீழே நிற்கிற அவள் முதுகு, இடுப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வளர்மதி. அவள் எங்கள் பக்கம் திரும்பியதும் ஒரு பெண் வீறிட்டாள். “ஆத்தாடி! அந்தப் பொம்பளையேதான்!”

நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பின்னால் பார்த்தேன். டார்ச் மின்னவில்லை.

“நாந்தாங்க அவ!” என்றாள் ராசாம்பாள். மைக் இல்லாமலே அவள் குரல் கரைவரை கேட்டது. “அந்தப் புள்ளதாங்க இது. சாகலீங்க! நடிக்கச் சொன்னாங்க, நடிச்சேன். அழுவ வரலன்னு கண்ணுல வெங்காயத்தப் புழிஞ்சாங்க. புள்ளைக்குப் பால் குடுத்துத் தூங்க வெச்சி, தூங்குற புள்ள மேல துணியப் போத்திப் படம் புடிச்சாங்க.”

“அது கைக்கொழந்த, இது வளந்த புள்ள. இத அதுன்னா நாங்க நம்பணுமா?” என்றார் ஒருவர்.

“என்னைய நம்ப வாணாம்யா. படத்தையே பாருங்க. படத்துக்காரரே, அந்த எடத்தத் திருப்பிப் போடுங்க. துணி அசையும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தை நான் எத்தனை ஊரில் ஓட்டியிருப்பேன்! துணி அசைந்து பார்த்ததில்லை. மறுபடி பின்னால் பார்த்தேன். டார்ச் மின்னாமல், நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஞானசேகரன் சார் நேராக என் பக்கத்தில் வந்து நின்றார். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் முன்னால் வந்து நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

“போடுங்க” என்றார்.

படத்தைப் பின்பக்கமாக ஓட்டினேன். பின்னால் ஓடும்போது சத்தம் கன்னாபின்னாவென்று வரும் என்பதால் முழுக்க மூடிவிட்டேன். திரும்ப முன்னால் ஓட்டும்போது சத்தத்தைத் திறக்கத் தோன்றவில்லை. கணீர்க் குரல் இல்லை, அழுகை இல்லை. ஜெனரேட்டர் இரைச்சலோடு சரி. திரையில் வெள்ளைத் துணி. எல்லோரும் அந்தத் துணியையே பார்த்தார்கள். மெதுவாக, மிக மெதுவாக, நடுவில் அது ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

“மூச்சு வுடுதுடி!” என்று ஒரு பெண் கத்தினாள். “புள்ள மூச்சு வுடுது!”

அதற்கப்புறம் எழுந்த சத்தத்தை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், திருப்பிப் போடு திருப்பிப் போடு என்று கூச்சல். பெண்கள் ஓடிவந்து வளர்மதியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அது பயந்துபோய் ஓவென்று அழுதது. அழட்டும், அழட்டும் என்று ஒரு கிழவி கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

சார் எதற்குப் பயந்தாரோ அதுவும் உடனே வந்தது. நடுக்கூட்டத்திலிருந்து ஒரு குரல். “அப்ப உப்புத் தண்ணி கதையும் டூப்பா? நம்மள ஏமாத்துறதுக்குன்னே ஜீப்பு எடுத்துட்டு வர்றானுவ!” கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பலபேர் எழுந்து வேட்டியில் ஒட்டின மணலைத் தட்டத் தொடங்கினார்கள். சார் என் மைக்கை வாங்கினார், வாயருகே கொண்டுபோனார், அப்புறம் என்ன நினைத்தாரோ, அதை ராசாம்பாளிடம் நீட்டினார்.

அவளுக்கு மைக் பிடிக்கத் தெரியவில்லை. உலக்கை மாதிரி பிடித்துக்கொண்டாள்.

“புள்ள செத்தது பொய்யிங்க. தண்ணி பொய்யில்லீங்க. படம் எடுக்கயில அந்த டாக்டரம்மா கலக்கிக் காமிச்சாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். போன சித்திரையில இவளுக்கு நெசமாவே வவுத்தால போச்சு. கண்ணு சொருவிருச்சு. அது மாதிரியே கலக்கி, சங்குல ஊத்திட்டே கெடந்தேன். இல்லாட்டி…” என்றவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். “இல்லாட்டி அந்தப் படம் நெசமாப் போயிருக்குங்க.”

அப்போதுதான் அவள் அழுதாள். வெங்காயம் இல்லாத அழுகை.

“ரெண்டாவது ரீலப் போடுங்க ஆபரேட்டர், சீக்கிரம்” என்றார் சார். அவசரத்தில் எனக்குக் கோக்கவே வரவில்லை. இடைவெளி வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் எழுந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் ஆபீஸில் சார் என்னைக் கூப்பிட்டார். “இனிமே அந்த வாசகம் வேணாம். ரெண்டு ரீலுக்கும் நடுவுல, இந்தப் புள்ள உசுரோட இருக்கு, பேரு வளர்மதின்னு சொல்லுங்க. ஏன் பொழச்சுதுன்னும் சொல்லுங்க. எழுத்துல உத்தரவு தர மாட்டேன். யாராவது கேட்டா நாந்தான் சொன்னேன்னு சொல்லிடுங்க.” கொட்டகைப் பிரதியிலிருந்து அந்தக் குரலை எடுத்துவிடும்படி மெட்ராஸுக்கு எழுதினார். மறுபடி மறுபடி எழுதினார். பிரதிகள் பல ஜில்லாக்களுக்குப் போய்விட்டன, திரும்ப வாங்க வழியில்லை என்று ஒருமுறை பதில் வந்தது. தன் வேலைக்கு மீறி எழுதுகிறார் என்று அவருக்கு ஒரு கறுப்புப் புள்ளியும் விழுந்தது. அடுத்த வருஷம் அவரை எங்கோ வடக்கே மாற்றினார்கள். போகும்போது டார்ச் லைட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கல் வெட்டும் இடத்தில் தூளிகள் திரும்பக் கட்டப்பட்டன. எங்கள் இரண்டு தாலுகாவில் ராசாம்பாளைப் பற்றி அப்புறம் ஒருவரும் தப்பாகப் பேசியதாகக் கேள்வி இல்லை. ஆனால் எங்கள் ஜீப் போன தூரம் அவ்வளவுதான். அரியலூர் ஸ்டேஷனில் அந்தப் பெட்டியை ஏற்றிவிடும்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கும். அடுத்த ஊரில் வேறொரு ஆபரேட்டர் ‘இது நெசம்’ என்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு வந்த வாசகம் அது. படத்தோடு கூடவே போய் நின்று பேச எனக்கு எத்தனை கால் இருக்கிறது?

அப்புறம் டெலிவிஷன் வந்தது, வீடியோ வந்தது, ஜெனரேட்டர் துருப்பிடித்தது, நான் ஓய்வு பெற்றேன். இதையெல்லாம் விவரித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன மாதம் வந்த பெண் வளர்மதி. நாற்பது வயதைத் தாண்டியாயிற்று, இரண்டு பிள்ளைகள். மகளையும் கூட்டிவந்திருந்தாள். வாசலில் நின்று, “படக்காரரு வூடுங்களா?” என்று கேட்டாள். அப்படி யாரும் என்னைக் கூப்பிட்டுப் பல காலம் ஆகிறது. ராசாம்பாள் போன தையில் இறந்துவிட்டாள் என்றாள். பிறகு கைப்பேசியை எடுத்து நீட்டினாள்.

யாரோ அந்தக் கொட்டகைப் பிரதியை எங்கிருந்தோ தோண்டி எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றியிருக்கிறார்கள். உள்ளங்கை அளவுத் திரையில் ராசாம்பாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கணீர்க் குரல் அப்படியே இருந்தது. கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் எழுதியிருந்தார்கள். எல்லாம் சாபம்தான். ‘இவளெல்லாம் ஒரு தாயா’ என்று ஒருவர். அதற்குக் கீழே, ஆமாம் ஆமாம் என்று பலர்.

“எங்க அம்மா காரியத்துக்கு வந்த எடத்துல, எம் மாமியா வூட்டு சனம் இதப் போட்டுப் பாத்துட்டு இருக்காங்க சார். ‘ஒனக்கு முன்ன ஒரு புள்ள இருந்துச்சா’ன்னு எங்கிட்டயே கேக்குறாங்க. அது நாந்தான்னு சொன்னா சிரிக்கிறாங்க. துணி அசையும், பாருங்கன்னு அம்மா சொல்லுமே, அதச் சொன்னேன். நீங்களே பாருங்க சார்.”

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சத்தத்தை மூடிவிட்டுப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிரதியிலிருந்து பிரதி எடுத்து, அதிலிருந்து இன்னொன்று எடுத்து, துணி வெறும் வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. எதுவும் அசையவில்லை.

“தெரியலீங்கள்ல?” என்றாள்.

“தெரியலம்மா.”

“நீங்க மைக்குல சொல்வீங்களாமே, அதச் சொல்லுங்க சார். நான் இதுலயே புடிச்சு, அந்தப் படத்துக்குக் கீழயே போட்டுடுறேன்.”

எத்தனை பேர் அதைப் பார்க்கப்போகிறார்கள்? பார்த்தாலும் நம்புவார்களா? பெட்டி இந்தத் தடவை எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்! இப்படியெல்லாம் நினைத்து அலுத்துக்கொண்டேதான் எழுந்தேன். சட்டை மாற்றிக்கொண்டேன். அவளை என் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். அவள் மகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். பழக்கதோஷத்தில் ஒருமுறை இருமினேன்.

“பெரியோர்களே, தாய்மார்களே! இப்ப நீங்க பாத்த படத்துல ஒரு புள்ள சாகுதுங்களே, அது சாகலீங்க. அது நடிப்பு. அந்தப் புள்ள பேரு வளர்மதி. அதுக்கு நெசமாவே நோவு வந்தப்ப, அந்தத் தாய் உப்பும் சக்கரையும் கலந்து குடுத்துக் காப்பாத்துச்சு. அந்தத் தாய் பேரு ராசாம்பாள். ஆலத்தியூரு. புள்ள இதா, எம் பக்கத்துல நிக்குது.”

சிரித்த முகமாக நிற்கவேண்டும் என்று அவளிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவளால் முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றாள். நெஞ்சின் மேல் இழுத்துப் போர்த்தியிருந்த வெளுத்த முந்தானை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.